அப்பாவின் செட்டில் ஒரு கீச்சல்

எங்கள் வீட்டில் அதற்கு 'செட்' என்றுதான் பெயர். ஆம்ப்ளிஃபயர், கேசட் டெக், இடுப்பு உயரத்துக்கு நிற்கும் இரண்டு ஸ்பீக்கர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே சொல். அப்பா கல்ஃபிலிருந்து மூன்றாவது லீவுக்கு வந்தபோது, அவருக்குப் பின்னால் கார்கோவில் அது வந்தது. முன்னறைக்கு அப்போது தரை போட்டிருக்கவில்லை. மண்ணை இடித்து நிரப்பியிருந்த இடத்தில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் ஆம்ப்ளிஃபயரை வைத்தார். சிமெண்ட் அடுத்த வருடம்தான் வந்தது. செட்டை நகர்த்த அம்மா சம்மதிக்காததால் கொத்தனார் பலகையைச் சுற்றியே தரையைப் பூசிவிட்டுப் போனார். பலகையைத் தூக்கினால் அதன் அடியில் இன்றைக்கும் ஒரு சதுரம் மண்ணாகவே இருக்கும்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. அப்பா இரண்டாம் வகுப்போடு நின்றவர். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். செட்டின் முகத்தில் இருந்த ஆங்கில எழுத்துகளை வாசிக்க வீட்டில் நான் ஒருவன்தான். அப்பா ஒவ்வொரு குமிழாகத் தொட்டு என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார். பேஸ், ட்ரெபிள், பேலன்ஸ் என்று வாசிப்பேன். அர்த்தம் எனக்கும் தெரியாது. அவர் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெல்லத் திருகி, கண்ணை மூடிக் கேட்டு, அர்த்தத்தைக் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். அவருடைய காது அப்படி. எங்கள் சபையில் ஆர்மோனியத்தின் ஒரு ரீடு தளர்ந்திருந்தால், கடைசி பெஞ்சில் வாசலருகே இருந்துகொண்டே எந்தக் கட்டை என்று சொல்லிவிடுவார். ஆராதனை முடிந்ததும் ஆர்மோனியத்தைப் பார்க்க அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்த லீவுகளின் ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது மீன்குழம்பின் வாசனை, அப்புறம் செட்டைப் பொதிந்து வந்த தெர்மோகோலின் வாசனை. சபைக் கோவிலிலிருந்து வந்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவி முடிந்த பிறகு இரண்டு மணிக்குச் செட் தொடங்கும். முதல் கேசட் தமிழ்க் கீர்த்தனைகள். அது முடிந்தால் மலையாள சினிமாப் பாட்டு. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். அப்பா நாற்காலியில். நான் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் தரையில் படுத்திருப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள், எங்களைப் போல சபைக்காரர்கள் அல்ல, மதிலில் கையூன்றி நின்று தங்களுக்குப் பிடித்த பாட்டைக் கேட்டு வாங்குவார்கள். அப்பா நடுவில் எழுந்து ட்ரெபிளைக் கொஞ்சம் குறைப்பார். "செவிய குத்தப்பிடாது" என்பார். அம்மா அந்த நேரத்தில் பேசமாட்டாள். பேசாமல் இருவரும் அவ்வளவு சேர்ந்து இருந்ததை நான் வேறு எந்த நேரத்திலும் பார்த்ததில்லை.

அப்பா திரும்பிப் போனதும் செட்டின்மேல் அம்மா ஒரு படுக்கை விரிப்பைப் போட்டு மூடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அது விலகும். அப்பா அங்கே ஒரு கம்ப்ரஸர் அறையில் வேலை செய்தார். அவருக்கு ஞாயிறு லீவு கிடையாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு மணிக்கு அவரும் கேட்டுக்கொண்டிருப்பார் என்று அம்மா சொன்னால் நான் மறுத்ததில்லை.

எட்டு வருடம் முன்னால் அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். எதற்கு என்று அம்மா கேட்டதற்கு "மதி, இனி போவல்ல" என்று மட்டும் சொன்னார். மதி என்றால் எங்கள் பக்கத்தில் போதும். நாங்கள் சந்தோஷத்தில் அதற்குமேல் கேட்கவில்லை.

ஆனால் வந்த மனிதர் லீவுக்கு வந்துகொண்டிருந்த மனிதராக இல்லை. அம்மா அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் பதில் இருக்காது. கிணற்றடியிலிருந்து கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சாப்பிடும்போது அவள் ஏதாவது கேட்டால் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுச் சோற்றைப் பிசைவார். கோவிலில் கடைசி பெஞ்சை விட்டு முதல் பெஞ்சுக்குப் போய்விட்டார். கல்ஃப் பணம் வந்தவுடன் கெத்து வந்துவிட்டது என்று சபையில் நாலு பேர் சிரித்ததை அம்மா என்னிடம் சொல்லி அழுதாள். "மனுசனுக்க மனசு அங்க கிடந்து வத்திப்போச்சு மக்கா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பதில் சொல்ல விருப்பமில்லாத மனிதர், அவ்வளவுதான்.

செட் மட்டும் மிச்சமிருந்தது. பிறகு அதுவும் சிக்கலானது. கேசட் டெக்கின் ரப்பர் பெல்ட் உருகிப்போனது. நான் அதற்குள் வேலைக்குப் போயிருந்தேன். கேசட்டுகளை எல்லாம் ஒரு கடையில் கொடுத்துக் கணினிக் கோப்புகளாக மாற்றி, என் பழைய லேப்டாப்பில் போட்டு, ஒரு வயரால் செட்டின் பின்னால் ஆக்ஸ் என்று எழுதிய துளையில் சொருகினேன். பாட்டு வந்தது. பாட்டோடு ஒரு கீச்சலும் வந்தது. மெலிதாக, ஊசி மாதிரி, நிற்காமல். மவுஸை நகர்த்தினால் அதுவும் புழுப்போல நெளியும். லேப்டாப்புக்குள் இருக்கிற சின்ன மாற்றி, அதாவது எண்களைச் சத்தமாக மாற்றுகிற பாகம், பக்கத்துப் பாகங்களின் மின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது என்று பிறகு படித்தேன்.

அப்பாவோ ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார். கீச்சல் அதில் இன்னும் கூர்மையாகும். நான் போகிறபோக்கில் குமிழை நடுவுக்குக் கொண்டுவருவேன். அடுத்த முறை பார்த்தால் மறுபடி கடைசியில் இருக்கும். அம்மா மூன்று ஞாயிறு பொறுத்தாள். நாலாவது ஞாயிறு இரண்டு மணிக்கு முன்னறைக்கு வரவில்லை. தலை குத்துகிறது என்றாள். அதற்குப் பிறகு வரவே இல்லை. அப்பா தனியாக நாற்காலியில் உட்கார்ந்து கேட்பார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்காருவதற்கு வீட்டில் வேறு காரணமே இருக்கவில்லை.

ஆகவே ஒரு டாக் வாங்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்தேன். லேப்டாப்புக்கும் செட்டுக்கும் நடுவில் வைக்கிற, தீப்பெட்டிப் பொதி அளவுள்ள ஒரு பெட்டி. லேப்டாப்பின் மாற்றி செய்கிற வேலையை அது வெளியே வைத்துச் செய்யும். நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிற ரயிலில் இணையத்தில் இதைப் பற்றியே வாசித்தேன். இரண்டு கட்சிகள் இருந்தன. டாக் வைத்தால் பாட்டின் முகத்திலிருந்து திரை விலகும் என்று ஒரு கட்சி. அதெல்லாம் மனப்பிரமை, காசு மிஞ்சினால் நல்ல ஸ்பீக்கர் வாங்கு என்று மறு கட்சி. நான் ஒரு நோட்டில் இடப்பக்கம் ஒன்றையும் வலப்பக்கம் மற்றொன்றையும் எழுதினேன். பரீட்சைக்குப் படித்து மேலே வந்தவனுக்கு எதையும் அப்படித்தான் யோசிக்க வரும்.

அலுவலகத்தில் ஒரு நண்பரிடம் அந்தப் பெட்டி இருந்தது. ஒரு மதியம் தன் ஹெட்ஃபோனில் அவர் எனக்குப் பரீட்சை வைத்தார். எப்போது பெட்டி வழியாக வருகிறது, எப்போது நேராக வருகிறது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டார். பத்தில் நான்குதான் சரியாகச் சொன்னேன். திரை எதுவும் விலகவில்லை. "காசு போட்டு தோக்கணுமா?" என்று சிரித்துவிட்டு, வேண்டுமானால் வீட்டில் கொண்டுபோய்ப் பார் என்று கையில் தந்துவிட்டார். சனிக்கிழமை சொருகிப் பார்த்தேன். பாட்டில் வித்தியாசம் இல்லை. ஆனால் கீச்சல் இல்லை. சுத்தமாக இல்லை. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்து, "எலே, நின்னுதா?" என்றாள்.

அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. செட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதற்கு மருந்துப் பெட்டி எதற்கு என்றார். கீச்சல் கேட்கவில்லையா என்றேன். "எங்க கேக்குது? ஹெட்போன் வச்சு வச்சு உனக்க செவியாக்கும் கெட்டுப்போச்சு" என்றார். தன் செட்டைக் குறை சொல்வதைத் தாங்காமல் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அம்மாவின் தலைவலியைவிட அவருக்கு அந்த வீம்பு பெரிதாக இருக்கிறதே என்று கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில்தான் அதைச் செய்தேன். மறுநாள் ஞாயிறு, இரண்டு மணி. நண்பர் எனக்கு வைத்த பரீட்சையை அப்பாவுக்கு வைத்தேன். ஒரு தாளில் கட்டம் போட்டேன். ஆறு வரிசை. நல்லது, மோசம் என்று இரண்டு பத்தி. பிள்ளைகளுக்கு விடைத்தாள் போடுவது மாதிரி மேலே கோடு கூட இழுத்தேன். அவர் வாசிக்கமாட்டார், நான்தான் குறிக்கவேண்டும் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. நாற்காலியை நடுவில் போட்டு உட்காரச் சொன்னேன். ஜீவிதத்தில் பரீட்சை எழுதாத மனிதர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

முதல் பாட்டு, பெட்டி இல்லாமல். கீச்சல் அறையை அறுத்தது. நன்றாக இருக்கிறது என்று தலையாட்டி, "கொள்ளாம்" என்றார். இரண்டாவது, பெட்டியோடு. "கொள்ளாம்." மூன்றாவது பெட்டி இல்லாமல். "இதும் கொள்ளாம்." ஆறும் அப்படியே முடிந்தது. ஒவ்வொன்றும் முடிந்ததும் என் பேனாவைப் பார்த்தார். நான் எந்தக் கட்டத்தில் குறிக்கிறேன் என்று பார்த்துத் தன் விடையைச் சரிசெய்யப் பார்க்கிறார் என்று தோன்றியது. எனக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. பாட்டை நிறுத்திவிட்டேன். லேப்டாப்பில் ஒரு வெறும் தொனியை, கீச்சலின் அதே உயரத்தில், போட்டேன். "பாட்டு இல்ல. ஒத்தச் சத்தம்தான். கேட்டா கைய பொக்குங்க" என்றேன்.

அம்மா கதவு நிலையில் வந்து நின்றிருந்தாள். தொனி தொடங்கியதும் முகத்தைச் சுளித்துக் காதில் கை வைத்தாள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்த பிறகு வலது கையைத் தூக்கினார்.

நான் தொனியை நிறுத்தினேன். அம்மா கையை இறக்கியதை அவர் பார்க்கவில்லை. அதற்குள் அவர் தைரியமாக ஸ்பீக்கரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். அறை அமைதியாக இருந்தது. அப்பாவின் கை தூக்கியபடியே இருந்தது.

நான் லேப்டாப்பை மூடியதைக் கண்டு அவருக்குப் புரிந்தது. கையை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குரல் தாழ்ந்திருந்தது.

"அங்கயும் இப்பிடித்தான் கை பொக்கச் சொல்லுவானுவ" என்றார். "வருசா வருசம். கண்ணாடிக் கூண்டுக்குள்ள இருத்தி, செவி டெஸ்டுக்கு. மூணு வருசம் வெளிய நிக்க பயலுக்க மூஞ்சியப் பாத்துப் பொக்கினேன். பொறவு ஒரு வருசம் திரை போட்டுட்டானுவ."

அந்த வருடம்தான் அவர் 'மதி' என்று சொல்லிக்கொண்டு வந்த வருடம். கம்ப்ரஸர் அறையில் பதினான்கு வருடம். தாழ்ந்த சத்தம் கேட்கும், ஆண்களின் பேச்சு பாதி கேட்கும், பெண்களும் பிள்ளைகளும் பேசினால் தேய்ந்துபோகும் என்றார். எதிரே நின்று வாயைப் பார்த்தால் புரிந்துகொள்வார். அதனால்தான் முதல் பெஞ்ச். போதகரின் வாயைப் பார்க்க. ட்ரெபிளைக் கடைசிவரை திருகினால்தான் பாட்டில் ஏதோ கொஞ்சம் உயிர் இருக்கிறது என்றார். ஆர்மோனியம் பார்க்கக் கூப்பிட்டவர்களிடம் செவி போய்விட்டது என்று எப்படிச் சொல்ல என்றார். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

அம்மா நிலையை விட்டு உள்ளே வந்தாள். அவர் முன்னால், முகத்துக்கு நேரே நின்றாள்.

"அப்பம் எட்டு வருசமாட்டு நான் பின்னால நின்னு விளிச்சதெல்லாம்?"

"விளிச்சியா?" என்றார் அப்பா. "எப்பம்?"

அம்மா சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. முந்தானையை வாயில் வைத்திருந்தாள். "கிணத்தடியில. அடுக்களையில. எல்லா இடத்திலயும்."

"கேட்டா நான் வராம இருப்பனா?"

பிறகு கோபம் வந்தது அவளுக்கு, சரியான கோபம். செவி போனதற்கு இல்லை, சொல்லாததற்கு. எட்டு வருடம் ஒரு கல்லோடு குடும்பம் நடத்துவதாக நினைத்துச் செத்ததைச் சொன்னாள். அத்தனையும் சத்தமாக, முகத்துக்கு நேரே. அப்பா ஒவ்வொரு வார்த்தையாக அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அவளை அவ்வளவு நேரம் தொடர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. என் கையில் அந்தக் கட்டம் போட்ட தாள் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடித்து மடித்துச் சின்னதாக்கினேன். பரீட்சை வைக்க மட்டும் பள்ளிக்கூடம் எனக்குக் கற்றுத்தந்திருக்கிறது என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. மறுபடி அவர் முன்னால் போய் நின்று கேட்டேன். "போட்டும் மக்கா" என்றார்.

சாயங்காலம் பெட்டியைக் கழற்றி நண்பருக்குத் திருப்பிக் கொடுக்கப் பையில் வைத்தேன். இனி அதற்கு என்ன அவசியம் என்று நினைத்தேன். யாருக்காக வாங்குவது? அப்பாவுக்குக் கீச்சலும் இல்லை, கீச்சலின்மையும் இல்லை. அதைக் கேட்கவே முடியாத மனிதரின் செட்டை அதற்காகத் திருத்துவது அவரைக் கேலி செய்வது மாதிரி இருந்தது. எனக்கு லேப்டாப்பே போதும். அப்பா என் பையைப் பார்த்தார். என்ன என்று சைகையால் கேட்டார். எதிரே நின்று சொன்னேன்.

"அவளுக்குக் கேக்குதுல்லா?" என்றார். "அப்பம் ஒண்ணு வாங்கு. எனக்கில்ல. அவளுக்கு."

அப்படித்தான் வாங்கினோம். நோட்டில் நான் எழுதிய இரண்டு பக்கத்திலும் அந்தக் காரணம் இல்லை.

அதற்கு அடுத்த வாரம் அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் காது பார்க்கக் கூட்டிப்போனோம். அங்கேயும் ஒரு கூண்டு இருந்தது. அம்மா கூடவே உள்ளே போகப் பார்த்தாள். பரிசோதனை செய்கிற பெண் அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். அவள் உள்ளே இருந்திருந்தால் அப்பா பாஸாகியிருப்பார். ஒரு காது மெஷின் கொடுத்தார்கள். அதைப் போட்ட முதல் நாள் முற்றத்தில் பலாச்சருகு மிதிபடுகிற சத்தத்துக்கு நின்று திரும்பிப் பார்த்தார். இரண்டு நாளில் எரிச்சலாக இருக்கிறது என்று கழற்றினார். இப்போது கோவிலுக்கும் ஞாயிறு இரண்டு மணிக்கும் மட்டும் போடுகிறார். சபையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்மோனியத்தைப் பார்க்க இப்போது வேறு ஒருவர் வருகிறார்.

புது டாக் வந்து முதல் ஞாயிறு அம்மா முன்னறைக்கு வந்தாள். சுவரில் சாயவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து அவர் முகம் தெரிகிற மாதிரி போட்டு உட்கார்ந்தாள். கீர்த்தனை தொடங்கியது. நான் பழைய ஞாயிற்றுக்கிழமைகளை எதிர்பார்த்தேன். பேசாமல் இருவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள், நான் தரையில் படுத்துக்கொள்வேன் என்று. பாட்டு சுத்தமாக இருந்தது, ஊசி மாதிரி எதுவும் இல்லை. ஆனால் இரண்டாவது சரணத்திலேயே அம்மா பூவாரிலிருந்து வந்த மீன்காரியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா அவள் பக்கம் சாய்ந்தார். "என்னது?"

எட்டு வருடத்தில் அவர் இந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. செவி கேட்கவில்லை என்று தெரிந்துவிடுமே என்று பயந்து சொன்னதில்லை. அம்மா திரும்பச் சொன்னாள். மறுபடி "என்னது?" என்றார். அவள் அலுத்துக்கொண்டு, இன்னும் கிட்ட வந்து, வாயைத் திறந்து திறந்து சொன்னாள். முப்பது வருடப் பேச்சு பாக்கி இருந்ததுபோல, மீன்காரியிலிருந்து மாமன் வீட்டுக் கல்யாணம், அங்கிருந்து இடிந்த மதில் என்று போய்க்கொண்டே இருந்தாள். அவர் ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி "என்னது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சிலதை நன்றாகக் கேட்டும் கேட்டார் என்று நான் நினைக்கிறேன்.

பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியதை யாரும் கவனிக்கவில்லை. நான் எழுந்துபோய் சத்தத்தைக் குறைத்தேன்.